இருபது ரூபாய்க் கீரைக்கட்டும் என் மொட்டை மாடியும்

மொட்டை மாடில கீரை போட்டிருக்கேன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டே ரெண்டு விதமான பதில்தான் வருது.

முதல் கோஷ்டி: "ஏங்க, வாசல்லயே இருபது ரூபாய்க்குக் கட்டு வருது. அதுக்குப் போய் இந்த வெயில்ல மாடி ஏறி இறங்கணுமா?"

ரெண்டாவது கோஷ்டி: "ஆஹா, சூப்பருங்க! கீரைதாங்க மருந்து. இனிமே டாக்டர் செலவே இருக்காது பாருங்க."

முதல் கோஷ்டியில எங்க வீட்டு ரங்கமணியும் அடக்கம். ரெண்டாவது கோஷ்டி தினமும் காலைல வாட்ஸப்புல வந்து குட்மார்னிங் சொல்லிட்டுப் போகுது. தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவு.

என் கட்சி இதுதான்: வீட்டுல கீரை வளர்க்கிறது காசு மிச்சம் பண்றதுக்கு இல்ல. வியாதி தீர்க்கிறதுக்கும் இல்ல. கீரையை இளசா, அடிக்கடி, அலுப்பில்லாம சாப்பிடறதுக்கு. அவ்ளோதான். இந்த ஒரு காரணம் போதாதான்னுதான் கேக்கறேன்.

எந்தக் கீரைன்னு முதல்லயே சொல்லிடறேன். கீரைன்னா நம்ம ஊர்ல முருங்கையிலிருந்து அகத்தி வரைக்கும் எல்லாமே கீரைதான். நான் பேசறது முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை கும்பலைப் பத்தி. எல்லாம் அமரந்தஸ்னு ஒரே இனம், ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சிங்க. கேட்காமலே தெருவோரத்துல முளைக்குதே குப்பைக்கீரை, அதுவும் இதே குடும்பம்தான். முள்ளுக்கீரையும் அப்படித்தான். முளைக்கீரைன்னு தனியா ஒண்ணு பெரும்பாலும் கிடையாது. தண்டுக்கீரையைச் சின்ன வயசுலயே பிடுங்கினா முளைக்கீரை, விட்டு வளர்த்தா தண்டுக்கீரை.

முதல்ல காசு கணக்கு

முதல் கோஷ்டி சொல்றது நூத்துக்கு நூறு சரி. காசு மிச்சம் ஆகாது. என் கணக்கு நோட்டைப் பார்த்தே சொல்றேன். ரெண்டடிக்கு ஒரு அடி பை ஒண்ணு, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், விதை எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு முந்நூறு ரூபாய் கிட்ட ஆச்சு. ஒரு பைலேருந்து ஒரு தடவைக்கு ஒண்ணு, ஒண்ணரைக் கட்டு கீரை எடுக்கலாம். ஒரு விதைப்புக்கு ஒரு மாசம். அப்போ போட்ட காசு திரும்பவே பத்து மாசம். தண்ணி ஊத்தற கூலி, முட்டி வலிக்குத் தேய்க்கிற தைலம் இதெல்லாம் கணக்குல சேர்க்கல :-)

ஆக, "மாடித் தோட்டம் போட்டா மாசம் ஆயிரக்கணக்குல மிச்சம்"னு யாராவது வீடியோ போட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

அப்புறம் எதுக்கு?

கீரை வாங்கற காசு எப்பவுமே பிரச்சினையா இருந்ததில்லீங்க. கீரை ஆயறதுதான் பிரச்சினை.

கட்டைப் பிரிச்சா என்ன இருக்கும்? பாதி முத்தல், பாதி இளசு. நடுவுல கோரைப்புல். வெளிச்சுத்து பச்சையா இருக்கும், உள்ளே அழுகி வழவழன்னு நாலு தண்டு. வேரோட மண்ணு. இதை உக்காந்து இலை இலையா பார்த்து, ஆய்ஞ்சு, நாலு தண்ணி அலசி எடுக்க அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். அப்புறம் அரிஞ்சு வேக வச்சா ஒரு கிண்ணத்துக்குள்ள சுருங்கி உக்காந்துக்கும். ஆபீஸ் போற பொம்பளை வாரநாள்ல கீரை சமைக்க மாட்டேங்கறான்னா அது சோம்பேறித்தனம் இல்லீங்க, எளிமையான கணக்கு.

நான் கவனிச்ச வரைக்கும், "வாரத்துக்கு நாலு நாள் கீரை சாப்பிடணும்"னு அட்வைஸ் பண்றவங்க யாரும் ஒரு நாள் கூட கீரை ஆய்ஞ்சதில்ல. ஆயறவங்க யாரும் அட்வைஸ் பண்றதில்ல.

வீட்டுப் பைல இருக்கற கீரைக்கு ஆயற வேலை அஞ்சு நிமிஷம். எது இளசோ அதை மட்டும் கிள்ளறோம். புல்லு கிடையாது, அழுகல் கிடையாது. வேர் மண்ணு பைலயே இருக்கு. அதோட, முழுக் கட்டும் சமைச்சாகணும்னு கட்டாயம் இல்ல. ரெண்டு கைப்பிடி போதும்னா ரெண்டு கைப்பிடி. பருப்புல போடலாம், அடைமாவுல போடலாம், முட்டைல போட்டுக் கிளறலாம். ஃபிரிட்ஜ்ல மூணு நாள் கிடந்து மஞ்சளாகி குப்பைக்குப் போற கட்டு இல்ல.

இதுல கீரை விக்கறவங்களை நான் குறையே சொல்ல மாட்டேன். எங்க தெருவுக்கு வர்ற அம்மா விடியக்காலம் மார்க்கெட் போய் எடுத்துட்டு வர்றாங்க. கீரை வாடாம இருக்க அவங்க என்ன பண்ண முடியும்? ஈரச்சாக்கு போட்டு மூடி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு கொண்டு வர்றாங்க. அந்தக் கீரை எந்தத் தண்ணில வளர்ந்துச்சு, எப்ப மருந்து அடிச்சாங்கங்கறது அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முருங்கை, மணத்தக்காளி, வெந்தயக்கீரை எல்லாம் இன்னமும் அவங்ககிட்டதான் வாங்கறேன். பேரம் பேசறதில்ல. நீங்களும் பேசாதீங்க, ப்ளீஸ். சினிமா தியேட்டர் பாப்கார்னுக்குப் பேசாத பேரத்தைக் கீரைக்காரம்மாகிட்ட காட்டறதுல என்ன வீரம்?

தக்காளியை விடுங்க, கீரையைப் பிடிங்க

தோட்டம் போட ஆசைப்படற எல்லாரும் நேரா தக்காளிக்குப் போறாங்க. போட்டோல சிவப்பா அழகா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா நாத்து விட்டு, நட்டு, பூத்து, காய்ச்சு, பழுக்க ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகும். நடுவுல வெள்ளை ஈ, இலைச்சுருட்டல். சித்திரை வெயில் வந்தா பூவெல்லாம் கொட்டிடும். மூணு மாசம் காத்திருந்து மூணு தக்காளி பறிச்சு, "நமக்கெல்லாம் கை ராசி இல்லப்பா"ன்னு பையை மடிச்சுப் போட்டவங்க எங்க அபார்ட்மெண்ட்லயே நாலு வீடு.

கீரை அப்படி இல்ல. போட்ட மூணாம் நாள், நாலாம் நாள் முளை தெரியும். இருபத்தஞ்சு நாள்ல குழம்புல இருக்கும். வெயில் அடிக்க அடிக்க குஷியா வளரும். சோளம், கரும்பு மாதிரி இதுவும் சி4 வகைச் செடி, அதாவது சூட்டுலயும் வெளிச்சத்துலயும் நல்லா உணவு தயாரிக்கத் தெரிஞ்ச ஜாதி. மத்தச் செடிங்க எல்லாம் மே மாசத்துல துவண்டு படுக்கறப்ப இது நிமிர்ந்து நிக்கும். அமெரிக்கால இருக்கற பதிவர்கள் சோளக்காட்டுப் பக்கம் போனா இதோட சொந்தக்காரனைப் பார்க்கலாம். பாமர் அமரந்த்னு ஒரு களை. 2005-ல ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திக் காட்டுல களைக்கொல்லிக்கே அசராம நின்னு விவசாயிகளை மிரள வச்சது அதுதான். அந்தப் பிடிவாதம் குடும்பத்துக்கே உண்டு.

போடற முறை ரொம்ப சிம்பிள்:

பை ஆழம் முக்கால் அடி இருந்தா தாராளம். உடைஞ்ச பக்கெட்டு, பழைய பேசின் எதுவும் ஆகும், அடியில ஓட்டை மட்டும் வேணும். தோட்ட மண்ணு, நார்க்கழிவு, மட்கின உரம் மூணையும் சமமா கலந்துக்கோங்க.

விதை கடுகை விடச் சின்னது. ஒரு கிராம்ல ஆயிரத்துக்கு மேல இருக்கும். அப்படியே தூவினா ஒரே இடத்துல கொத்தா விழும். ஒரு கை மணல்ல கலந்து தூவணும். மேல லேசா மண்ணைத் தூவினா போதும், புதைக்கக் கூடாது. தண்ணியைக் குடத்தால ஊத்தினா விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடிடும், கையால தெளிங்க.

முதல் எதிரி எறும்பு. ராத்திரியோட ராத்திரியா விதையைத் தூக்கிட்டுப் போயிடும். பையைச் சுத்தி கொஞ்சம் அரிசிமாவு கோலம் மாதிரி போட்டுடுங்க. அது மாவைத் தூக்கறதுல பிஸியா இருக்கற நேரத்துல விதை முளைச்சுடும் :-)

பத்து நாள்ல நெருக்கமா இருக்கறதைப் பிடுங்கி ரசத்துல போட்டுடலாம். இருபத்தஞ்சு நாள்ல முளைக்கீரை. அப்ப அரை அடிக்கு ஒண்ணா சிலதை விட்டு வச்சா அடுத்த மாசம் தண்டு. அரைக்கீரைன்னா பிடுங்கவே வேண்டாம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கோ 1, கோ 2ன்னு வரிசையா கீரை ரகம் விட்டிருக்காங்க. அதுல கோ 3 இப்படி வெட்டி வெட்டி எடுக்கற வகை. சிவப்பு வேணும்னா பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்கா அருணிமா இருக்கு.

இலையை நூலால ஒட்டி மடிச்சுக்கிட்டு உள்ளே பச்சைப்புழு உக்காந்திருக்கும். அந்த இலையை அப்படியே கிள்ளி எறிங்க. இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா கொப்புளம் வந்தா அது வெள்ளைத் துரு நோய். அந்தச் செடியைப் பிடுங்கிடுங்க, சாயங்காலத்துல இலை மேல தண்ணி ஊத்தறதை நிறுத்துங்க. மருந்து அடிக்கவே வேண்டாம். ஒரு மாசப் பயிருக்கு மருந்து அடிக்கறதுக்குப் பதிலா மறுபடி விதைச்சுடலாம். இது வேற எந்தக் காய்க்கும் கிடையாத சௌகரியம்.

சமையல் பக்கம்

இளங்கீரைக்குச் சமையல்னு பெருசா ஒண்ணும் தேவையில்ல. அரிஞ்சு அலசாதீங்க, அலசிட்டு அரிங்க. சட்டில கால் டம்ளர் தண்ணி, நாலு பல் பூண்டு, அஞ்சாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், சிட்டிகை சீரகம். கொதி வந்ததும் கீரை. மூடி போடாம வேக வச்சா நிறம் மாறாம இருக்கும். இளசா இருந்தா அஞ்சு, ஆறு நிமிஷம். இறக்கறப்ப உப்பு. சுருங்கினப்புறம் போட்டாதான் அளவு தெரியும். மத்தால ரெண்டு கடை. மிக்ஸில போட்டுடாதீங்க, பச்சை பெயிண்ட் மாதிரி ஆயிடும். நல்லெண்ணெயில வெங்காய வடகம் தாளிச்சுக் கொட்டுங்க. எங்கம்மா வீட்டுல உளுத்தம்பருப்பும் காய்ஞ்ச மிளகாயும் மட்டும்தான், அதுவும் நல்லாதான் இருக்கும். கீரைல இருக்கற பீட்டா கரோட்டின் உடம்புல சேரணும்னா கொஞ்சம் கொழுப்பு வேணும். அதனால "டயட்"னு சொல்லி எண்ணெயே இல்லாம அவிச்சுத் தின்னறது ருசிக்கும் நஷ்டம், சத்துக்கும் நஷ்டம்.

தண்டை நார் உரிச்சு, விரல் நீளத்துக்கு நறுக்கி, பாசிப்பருப்போட வேக வச்சு, தேங்காய் சீரகம் அரைச்சு விட்டா கூட்டு. சாம்பார்ல போட்டா முருங்கைக்காய் மாதிரி மென்னு சப்பிட்டுத் துப்பலாம். ரங்கமணி கட்சி மாறினது இந்தத் தண்டு சாம்பார்லதான். இப்ப அவரே சாயங்காலம் மாடிக்குப் போய்த் தண்ணி தெளிக்கறாரு. கேட்டா "வாக்கிங்"ன்னு சொல்லிக்கறாரு.

இப்ப ரெண்டாவது கோஷ்டி

இதைக் கொஞ்சம் சீரியஸாவே சொல்லணும்.

போன வருஷம் எங்க பொண்ணு படியேறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னா. ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் 8.6. அவ வயசுக்கு 12 இருக்கணும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. மாத்திரை ஆரம்பிச்சதும் வயித்தைப் பிரட்டுது, மலச்சிக்கல்னு அவ சிணுங்கல். சொந்தக்காரங்க விஷயம் கேள்விப்பட்டாங்க. அவ்ளோதான், போன் மேல போன். "மாத்திரை எல்லாம் சூடும்மா, நிறுத்து." "உங்க மாடியிலேயே கீரை இருக்கே, அதை விட்டுட்டு கெமிக்கலைக் குடுக்கறியே." நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா நான் நிறுத்தல. ஏன்னு கணக்குல சொல்றேன்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல போட்ட அட்டவணைப்படி 100 கிராம் பச்சைத் தண்டுக்கீரையில இரும்பு சுமார் நாலரை மில்லிகிராம். பழைய புத்தகங்கள்ல 25ன்னு போட்டிருந்தது. அந்தப் பழைய நம்பர்தான் இன்னமும் வாட்ஸப்புல சுத்துது. சரி, இந்த நாலரையாவது முழுசா உடம்புல சேருமான்னா அதுவும் இல்ல. கீரை, பருப்புல இருக்கற இரும்புல பத்து சதவீதம் சேர்ந்தாலே பெரிய விஷயம். மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம் இரும்பு. வளர்ந்த பொம்பளைக்கு ஒரு நாளைக்குத் தேவைன்னு 2020-ல ஐசிஎம்ஆர் சொன்ன அளவே 29 மில்லிகிராம். ஏற்கனவே பள்ளத்துல கிடக்கற ஹீமோகுளோபினை மேல ஏத்த கீரையை மட்டும் நம்பினா, கிணத்தை ஸ்பூனால ரொப்பற கதைதான்.

நான் பண்ணினது டாக்டர்கிட்ட திரும்பப் போனதுதான். மாத்திரையைச் சாப்பிடற நேரத்தை மாத்திக் குடுத்தாங்க, பிரட்டல் குறைஞ்சது. மூணு மாசத்துல 11.4க்கு வந்துச்சு. அதுக்கப்புறமும் அவங்க சொன்ன மாசம் வரைக்கும் நிறுத்தல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு மேல ரத்தசோகை. இத்தனைக்கும் தெருவுக்குத் தெரு கீரை விக்கற ஊரு நம்ம ஊரு. கீரைன்னு ஒரு சாக்கு இருக்கறதாலயே எத்தனை வீட்டுல மாத்திரை அட்டை பீரோ மேல பிரிக்காம கிடக்கோ!

அப்போ கீரை வேஸ்ட்டா? இல்லவே இல்ல. மேல ஏத்தின ஹீமோகுளோபின் மறுபடி கீழ போகாம பார்த்துக்கறது தினசரி சாப்பாடு. அங்கதான் கீரைக்கு வேலை. கால்சியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ ஆகற கரோட்டின், நார்ச்சத்து எல்லாம் இருக்கு. கூடவே எலுமிச்சம்பழம் பிழிஞ்சோ, நெல்லிக்காய் ஊறுகாயோ தொட்டுக்கிட்டா இரும்பு கொஞ்சம் கூடுதலா சேரும். சாப்பிட்ட கையோட காப்பி, டீ குடிச்சா அதுவும் போச்சு, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க. இதுல ஆக்ஸலேட் ஜாஸ்தி. சிறுநீரகக் கல் இருக்கறவங்களும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் எவ்வளவு சாப்பிடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். மருந்துன்னு தலைல தூக்கி வச்சு ஆடற எதுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் இருக்கு. சாப்பாடுன்னு நினைச்சா பயமும் இல்ல, ஏமாத்தமும் இல்ல.

இன்னொரு சங்கடமும் உண்டு. மருந்துன்னு சொல்லிட்டா குழந்தைங்க அதைக் கண்டாலே ஓடும். "சாப்பிடு, ரத்தம் ஊறும்"னு சொல்லி ஊட்டின கீரையை விட, "நீ போட்ட விதைடி இது"ன்னு சொல்லி வச்ச கீரை சீக்கிரம் காலியாகுது. எங்க வீட்டுல இப்ப வாரத்துக்கு மூணு நாள் கீரை. முன்னாடி ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மாறினது நாலு பையும் ஆயற நேரமும்தான், எங்க யாரோட ஒழுக்கமும் இல்ல :-)

அதனால மக்களே, ஒரே ஒரு பை போடுங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு. இப்படி நாலு வாரத்துக்கு நாலு பை வச்சீங்கன்னா வருஷம் முழுக்க சங்கிலி மாதிரி வந்துக்கிட்டே இருக்கும். மொட்டை மாடி இல்லாதவங்க, பால்கனில நாலஞ்சு மணி நேரம் வெயில் விழுந்தா முயற்சி பண்ணலாம். ரெண்டு செடியைப் பிடுங்காம விட்டுடுங்க. கதிர் விட்டுக் காய்ஞ்சதும் உள்ளங்கையில வச்சுக் கசக்கி ஊதினா பளபளன்னு கறுப்பு விதை. ஒரு செடி விதையே உங்க தெருவுக்குப் போதும். அதை மட்டும் காசு குடுத்து வாங்க வேண்டாம், பக்கத்து வீட்டுல கேட்டாலே கிடைக்கும். முதல் விதை யாராவது ஒருத்தர் போட்டாகணும், அவ்ளோதான்.

டிஸ்கி: "எங்க ஊர்ல இதைக் கீரைன்னே சொல்ல மாட்டோம், மாட்டுக்குத்தான் போடுவோம்"னு பின்னூட்டம் போட நினைக்கறவங்களுக்கு: மாடு எல்லாம் உங்களை விட விவரமா இருக்கு :-))